சொட்டு மருந்துக்குள் கொத்தவரை

கண்ணில் விடும் சொட்டு மருந்தில் பெரும்பகுதி கண்ணுக்குப் பயன்படுவதே இல்லை. கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். இமைகளுக்குள் அதிகபட்சமாக 30 மைக்ரோலிட்டர் வரை தாங்கும். குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கிறது. மிஞ்சியது கன்னத்தில் வழிந்துவிடுகிறது. உள்ளே நின்றதையும் இமை கொட்டிக் கொட்டி மூக்குப் பக்கம் தள்ளிவிடுகிறது. சொட்டு விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்புத் தட்டுவது இதனால்தான். கண்ணுக்குள் ஊடுருவிப் போய்ச் சேரும் மருந்து 5 சதவீதத்துக்கும் குறைவு.

மருந்தைக் கொஞ்சம் கெட்டியாகக் கொடுத்தால் நிற்குமே என்று தோன்றும். நிற்கும், ஆனால் பார்வை மங்கும், இமை ஒட்டும், குப்பியை எவ்வளவு அழுத்தினாலும் சொட்டு விழாது. ஆக, குப்பியில் இருக்கும்போது நீர்த்திருக்க வேண்டும். கண்ணில் விழுந்ததும் கெட்டிப்பட வேண்டும். இமை மூடும் கணத்தில் மட்டும் மறுபடி இளகிக்கொடுக்க வேண்டும். ஒரே திரவத்திடம் இத்தனையும் கேட்பது அநியாயமாகத் தெரியலாம். கொத்தவரங்காய் விதையிலிருந்து எடுக்கும் ஒரு பொருள், சிறிய வேதிமாற்றம் ஒன்றுக்குப் பிறகு, இதைச் செய்கிறது.

பொரியலுக்கு வாங்கும் அதே கொத்தவரைதான். வடநாட்டில் அதற்கு 'குவார்' என்று பெயர். உலகில் விளையும் குவாரில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்தியாவில்தான் விளைகிறது. அதிலும் பெரும்பங்கு ராஜஸ்தானின் வறண்ட மண்ணில். முற்றிய விதையின் தோலையும் முளையையும் நீக்கிவிட்டு, நடுவில் இருக்கும் வெண்மையான பகுதியை அரைத்தால் கிடைப்பது குவார் பிசின். மானோஸ் என்ற சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட நீண்ட இழை அது. ஏறக்குறைய இரண்டு மானோஸுக்கு ஒன்று என்ற கணக்கில் காலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை பக்கவாட்டில் கிளையாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கிளைகள்தான் இழைகளை ஒன்றோடொன்று நெருங்கிப் படியவிடாமல் தள்ளி வைக்கின்றன. இடைவெளியில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. நூறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு தூள் போட்டாலே போதும், கரைசலின் பாகுத்தன்மை தண்ணீரைப்போல ஆயிரக்கணக்கான மடங்காகிவிடும்.

இயற்கையாகக் கிடைக்கும் குவார் அப்படியே மருந்துக்கு உதவாது. கரையாத துகள்கள் மிஞ்சும். கரைசல் கலங்கலாக இருக்கும். அதன் ஹைட்ராக்சில் தொகுதிகளில் சிலவற்றோடு புரோப்பிலீன் ஆக்சைடை வினைபுரியச் செய்தால் ஹைட்ராக்சிபுரோப்பைல் குவார் கிடைக்கிறது. புதிதாக ஒட்டிய குட்டைக் கிளைகள் இழைகளை இன்னும் கொஞ்சம் விலக்கி வைக்கின்றன. கரைசல் தெளிகிறது.

அடுத்தது போரான். கேரம் பலகையில் தூவுகிறார்களே, அந்த போரிக் அமிலத்தின் உறவுக்காரனான போரேட் அயனிக்கு ஒரு குணம் உண்டு. சர்க்கரையில் அருகருகே, ஒரே பக்கம் பார்த்து நிற்கும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளை அது பிடித்துக்கொள்ளும். ஒரு கையால் ஓர் இழையையும் மறு கையால் இன்னோர் இழையையும் பற்றினால், தனித்தனியாக மிதந்தவை வலையாகிவிடும். காரத்தன்மை கூடும்போது இந்தப் பிடி பலப்படும், குறைந்தால் தளரும். 'சிஸ்டேன்' என்ற பெயரில் விற்கும் உலர்கண் சொட்டு மருந்தின் முதல் வடிவம் இந்த ஒரு குணத்தை நம்பியே உருவானது. குப்பிக்குள் பி.எச். அளவு 7, கண்ணீரிலோ ஏறக்குறைய 7.5. அரைப் புள்ளி வித்தியாசம்தான், அதற்குள் வலை பின்னத் தொடங்கிவிடும்.

பின்னால் வந்த வடிவத்தில் இன்னொரு தந்திரம் சேர்ந்தது. சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளையும் குப்பியில் கலந்தார்கள். குப்பிக்குள் போரேட்டின் கைகளில் பலவற்றைச் சார்பிட்டால் பிடித்துக்கொள்வதால் குவார் இழைகளுக்கு அவ்வளவாக வாய்ப்பில்லை. திரவம் நீர்த்தே இருக்கும். கண்ணில் விழுந்ததும் சார்பிட்டால் கண்ணீரில் கரைந்து நீர்த்துப்போகிறது. விடுபட்ட கைகள் குவாரைப் பற்றுகின்றன. இந்த வலை நிரந்தரமானதும் அல்ல. பிடிப்பதும் விடுவதுமாகவே இருப்பது. அதனால் இமை மூடி அழுத்தும்போது பிணைப்புகள் விட்டுக்கொடுத்து, இழைகள் அசைவின் திசையில் படிந்து, திரவம் இளகுகிறது. இமை திறந்ததும் பழையபடி கெட்டிப்படுகிறது.

இதே குவாரும் போரேட்டும் அமெரிக்காவின் டெக்சஸ், வடக்கு டக்கோட்டா மண்ணுக்கு அடியில் லாரி லாரியாக இறங்கின என்பது பலருக்குத் தெரியாது. பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் தொழிலில், மணலைச் சுமந்துகொண்டு விரிசலுக்குள் போக ஒரு கெட்டித் திரவம் வேண்டும். வேலை முடிந்ததும் அது இளகி வெளியேறிவிட வேண்டும். அதற்கும் இந்த வேதியியல்தான். 2012-ல் அந்தத் தேவை திடீரென ஏறியதில் ராஜஸ்தான் உழவர்கள் கனவிலும் காணாத விலை கிடைத்தது. ஊக வணிகம் கட்டுமீறிப் போகவே, குவார் முன்பேர வர்த்தகத்தையே அரசு அந்த மார்ச் மாதத்தில் நிறுத்திவைத்தது. கண்ணுக்கான சொட்டும் கிணற்றுக்கான குழம்பும் ஒரே விதையின் பிள்ளைகள்.

கிளை கூடினால் கரையும், குறைந்தால் கூடிக்கொள்ளும் என்ற இந்த விதியைப் புளியங்கொட்டையில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றவும், தஞ்சாவூர் ஓவியப் பலகையில் துணியை ஒட்டவும் காலங்காலமாகப் பயன்பட்டு வரும் புளியங்கொட்டை மாவில் சைலோகுளுக்கான் என்ற பாலிமர் இருக்கிறது. அதிலும் காலக்டோஸ் கிளைகள் உண்டு. அது தண்ணீரில் கரைந்து பிசினாகும். தானாக ஜெல்லாக உறையாது. ஒரு நொதியை விட்டு அந்தக் காலக்டோஸ்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெட்டியெடுத்துவிட்டால் கதையே மாறிவிடுகிறது. குளிரில் திரவமாக இருப்பது உடல் சூட்டில் ஜெல்லாகும். இன்னும் சூடேற்றினால் மறுபடி திரவமாகிவிடும். சூட்டில் இளகும் ஜெல்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரம். ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதை வைத்து, கண் அழுத்த நோய்க்கான பைலோகார்ப்பின் மருந்தை முயல்களின் கண்ணில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிளையை வெட்டாத புளியங்கொட்டைப் பாலிமரோ இத்தாலியில் உலர்கண் சொட்டு மருந்தாகவே கடைக்கு வந்துவிட்டது.

சூட்டில் கெட்டிப்படும் குணத்துக்குப் பேர்போனது வேறொன்று. அது வருவது விதையிலிருந்து அல்ல, பஞ்சிலிருந்தும் மரக்கூழிலிருந்தும்.

பருத்தி கிட்டத்தட்டச் சுத்தமான செல்லுலோஸ். 1838-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயன் செடிகளிலிருந்து பிரித்துக் காட்டிய பொருள். அது முழுக்கச் சர்க்கரைதான், தண்ணீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்ததுதான். இருந்தும் ஒரு வேட்டியை எத்தனை முறை துவைத்தாலும் அது கரைந்து போவதில்லை. இழைகள் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் தண்ணீருக்கு உள்ளே நுழைய இடமில்லை. இப்போது அந்த ஹைட்ராக்சில்களில் பாதிக்கு மேல் மீத்தைல் தொகுதியை மாட்டிவிட்டால்? மீத்தைல் தண்ணீரை வெறுப்பது. கரைதல் இன்னும் மோசமாக வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது நேரெதிர். ஒழுங்காக அடுக்கி நின்ற இழைகளின் வரிசையை மீத்தைல் குலைத்துவிடுகிறது, தண்ணீர் உள்ளே நுழைகிறது, செல்லுலோஸ் கரைகிறது. ஆனால் அளவு முக்கியம். ஒரு குளுக்கோஸ் அலகில் மாற்றக்கூடிய இடங்கள் மூன்று. சராசரியாக ஒன்றரை முதல் இரண்டு வரை மாறினால் குளிர்ந்த நீரில் நன்றாகக் கரையும். மூன்றையும் மாற்றப் போனால் தண்ணீரை மறுத்துவிடும்.

இப்படிக் கரைந்த மீத்தைல்செல்லுலோஸைச் சூடாக்கினால், சுமார் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உறைகிறது. ஆறினால் மறுபடி திரவம். குளிரில் மீத்தைல் தொகுதிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காகக் கூடு கட்டி நிற்கின்றன. சூடு ஏற ஏற அந்தக் கூடு கலைகிறது. நீரின் துணை இழந்த மீத்தைல்கள் ஒன்றோடொன்று ஒண்டிக்கொள்கின்றன. இழைகள் பின்னிக்கொள்கின்றன. அசைவத்தை நகலெடுக்கும் சைவ பர்கர்களில் இதைச் சேர்ப்பதற்கும் காரணம் இந்தக் குணம்தான்: தோசைக்கல்லில் போட்டதும் இறுகிக்கொள்ளும்.

மருந்துத் தொழிற்சாலையில் இதைக் கரைக்கும் விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். கஞ்சிக்கு அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகுதான் அடுப்பில் ஏற்றுவோம். கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். இங்கே எல்லாம் தலைகீழ். தேவையான தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் 80, 90 டிகிரிக்குச் சூடாக்கி, சுழன்றுகொண்டிருக்கும் அந்தச் சுடுநீரில் தூளைத் தூவுவார்கள். சூட்டில் கரையாது என்பதால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக நனைந்து மிதக்கும். பார்க்கச் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி இருக்கும். பிறகு மீதித் தண்ணீரைக் குளிர்ச்சியாக ஊற்றிக் கலக்கினால் பால்போல் இருந்தது மெல்ல மெல்லத் தெளிந்து பாகாகும். அவசரப்பட்டு நேரே குளிர்நீரில் கொட்டினால், வெளிப்புறம் மட்டும் ஊறி உள்ளே உலர்ந்த தூளோடு உருண்டைகள் உருவாகும். அவற்றை உடைக்க மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும்.

அந்த உருண்டைதான், தொழிற்சாலைக்குத் தலைவலியான அதே உருண்டைதான், சர்க்கரை நோயாளிக்கு வரம். மீத்தைலோடு ஹைட்ராக்சிபுரோப்பைல் தொகுதியும் சேர்ந்த எச்.பி.எம்.சி. என்ற பாலிமரை மெட்ஃபார்மினோடு கலந்து மாத்திரையாக அழுத்தினால், வயிற்றில் விழுந்ததும் வெளிப்புறம் மட்டும் ஊறி வழுவழுப்பான ஜெல் உறையாகிறது. மெட்ஃபார்மின் தண்ணீரில் மிக எளிதாகக் கரையும் மருந்து. தனியாக விட்டால் சீக்கிரமே கரைந்து தீர்ந்துவிடும். இப்போதோ தண்ணீர் உறையைக் கடந்து உள்ளே போகவும், கரைந்த மருந்து உறையைக் கடந்து வெளியே வரவும் நேரம் எடுக்கிறது. உறையின் வெளிப்புறம் தேய்ந்துகொண்டே வர, உட்புறம் புதிதாக ஊறிக்கொண்டே போகும். ஒரு வேளைப் பொழுதுக்கும் மேலாக மருந்து கசிவதன் ரகசியம் இவ்வளவுதான். மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டிருப்பது இந்த ரகத்தைத்தான். 'உடைக்காதீர்கள், மெல்லாதீர்கள்' என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். உடைத்தால் உறை உருவாகும் முன்பே மருந்து மொத்தமாக வெளியே கொட்டிவிடும். மெட்ஃபார்மின் எக்ஸ்.ஆர். சாப்பிடுபவர்களில் சிலர் மலத்தில் மாத்திரை வடிவிலேயே மெத்தென்று ஏதோ போவதைக் கண்டு பதறுவதுண்டு. மருந்து முழுக்க உடம்பில் சேர்ந்த பிறகு மிஞ்சிய வெற்று உறை அது. பயப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு மெதுவாகக் கசிய வேண்டும் என்பதைப் பாலிமரின் நீளத்தை வைத்தே தீர்மானிக்கிறார்கள். கே4எம், கே100எம் என்று எச்.பி.எம்.சி. மூட்டைகளில் அச்சிட்டிருக்கும். 2 சதவீதக் கரைசலின் பாகுத்தன்மை 20 டிகிரியில் தண்ணீரைப்போல 4,000 மடங்கா, ஒரு லட்சம் மடங்கா என்பதைச் சொல்லும் எண்கள் அவை. இழை நீள நீள உறை கெட்டியாகும், கசிவு மந்தப்படும். ஆக, மருந்து எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்ற கடிகாரமே இந்தப் பாலிமர்தான். நம் ஊர் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால் அந்தக் கடிகாரத்துக்குப் பெரும்பாலும் பெயர்கூட இருக்காது. 'சேர்மானப் பொருள்கள் தேவையான அளவு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி, அவ்வளவுதான். மருந்துத் துறையில் இவற்றை 'செயலற்றவை' என்று வேறு அழைக்கிறார்கள். இவ்வளவு வேலை பார்ப்பதற்கு அந்தப் பட்டம் கொஞ்சம் அக்கிரமம்தான்.

இதே எச்.பி.எம்.சி.யின் 2 சதவீதக் கரைசல் கண்புரை அறுவை அரங்கிலும் இருக்கிறது. லென்ஸைப் பொருத்தும்போது கருவிழியின் உட்பரப்பில் இருக்கும் மென்மையான செல்கள் உரசுப்படாமல் மெத்தைபோல் நிற்பது அதன் வேலை. 1992-ல் அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக மதுரையில் தொடங்கிய ஆரோலேப், குறைந்த விலை லென்ஸ்களோடு இந்தக் கரைசலையும் தயாரிக்கிறது. அறுவை முடிந்ததும் அதைக் கழுவி எடுத்துவிட வேண்டும். தங்கிவிட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிவிடும்.

உடலின் வெப்பத்தையும் ஈரத்தையும்போல அதன் அமிலத்தையும் இந்தப் பாலிமர்கள் படித்தறியும். செல்லுலோஸில் தாலிக் அமிலத்தை ஒட்டினால் ஒவ்வொரு இழையிலும் அமிலத் தொகுதிகள் தொங்கும். இரைப்பையின் கடும் அமிலத்தில் அவற்றுக்கு மின்னூட்டம் கிடையாது. இழைகள் ஒன்றாகக் கூடி, தண்ணீர் புகாத படலமாகக் கிடக்கும். சிறுகுடலை எட்டி பி.எச். ஐந்தரையைத் தாண்டியதும் அத்தனை தொகுதிகளிலும் எதிர்மின்னூட்டம் ஏறுகிறது. ஒன்றையொன்று விலக்கித் தள்ள, படலம் அவிழ்ந்து கரைகிறது. அமிலத்தில் சிதைந்துவிடும் மருந்துகளையும், இரைப்பையைப் புண்ணாக்கும் மருந்துகளையும் இந்தப் போர்வைக்குள் வைத்துக் குடல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கலாம். செயற்கைப் பாலிமர்களும் இந்தச் சந்தையில் பெரும் போட்டி போடுகின்றன.

தாலிக் அமிலம் ஒட்டிய இந்தச் செல்லுலோஸின் உறவுக்காரனான எச்.பி.எம்.சி. அசிட்டேட் சக்சினேட் இன்னும் நுட்பமான வேலை செய்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய்க்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐவாகாஃப்டர், ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் 0.05 மைக்ரோகிராம்கூடக் கரையாது. கரையாத மருந்து குடல் வழியே வந்த மாதிரியே போய்விடும். அதை இந்தப் பாலிமரோடு சேர்த்து, படிகமாகாத ஒரு தூளாக்கி மாத்திரையில் வைத்தார்கள். குடலில் கரையும்போது பாலிமரின் நீர்வெறுக்கும் பகுதிகள் மருந்து மூலக்கூறுகளை ஒட்டிப் பிடித்துக்கொள்ள, மின்னூட்டம் பெற்ற பகுதிகள் அந்தக் கூட்டத்தைத் தண்ணீரில் மிதக்க வைக்கின்றன. இயல்பாகக் கரையும் அளவைத் தாண்டிய மருந்து, படிகமாகி அடியில் படிவதற்குள் குடல்சுவர் அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். பாலிமர் வாங்கித் தருவது அந்தச் சில மணி நேர அவகாசத்தை மட்டுமே.

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பற்றிக் கேட்டால் ஆய்வாளர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உட்படப் பலர் அதில் உழைத்திருக்கிறார்கள். நேர்மின்னூட்டம் பெறும் இயற்கைப் பாலிமர் என்பது அரிது. உடலின் சளிப் படலமோ எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் கைட்டோசான் அதில் நன்றாக ஒட்டும். சிக்கல், பி.எச். 6.5-ஐத் தாண்டினால் அதன் மின்னூட்டம் போய் வீழ்படிவாகிவிடும் என்பது. ரத்தத்தின் பி.எச். 7.4. இதற்காகவே டிரைமீத்தைல் கைட்டோசான், கார்பாக்சிமீத்தைல் கைட்டோசான் என்று ஏராளமான மாற்றங்கள். கனடா ஆய்வாளர்கள் கிளிசரோபாஸ்பேட் உப்பைச் சேர்த்து, குளிரில் திரவமாக ஊசியில் ஏறி, உடல் சூட்டில் ஜெல்லாகும் கரைசலை 2000-ல் அறிவித்தார்கள். ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கின்றன; மருந்துக் கடையில் கைட்டோசான் சுமந்துவரும் மருந்தைத் தேடினால் கிடைப்பது அரிது. இறாலின் இனமும் பதப்படுத்தும் விதமும் மாறினால் இழையின் நீளமும் மின்னூட்டமும் மாறிவிடும். ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டால் மருந்துக்கு உரிமம் வாங்குவது எப்படி?

மாற்றி அமைத்த குணமே வினையானதற்கும் ஓர் உதாரணம் உண்டு: ஹைட்ராக்சிஎத்தைல் ஸ்டார்ச். ரத்தம் இழந்தவர்களுக்கு ரத்தக்குழாயை நிரப்பி அழுத்தத்தைக் காக்கும் திரவம் இது. சாதாரண மாவுச்சத்தை ரத்தத்தில் ஏற்றினால் அமிலேஸ் நொதி சீக்கிரமே வெட்டித் தீர்த்துவிடும். ஹைட்ராக்சிஎத்தைல் தொகுதிகளை ஒட்டினால் நொதிக்குப் பிடி கிடைக்காது. இழைகள் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பாட்டிலில் 450/0.7, 200/0.5, 130/0.4 என்று எழுதியிருப்பதில் முதல் எண் ஆயிரங்களில் மூலக்கூறு எடை. இரண்டாவது, ஒரு குளுக்கோஸுக்குச் சராசரியாக எத்தனை தொகுதி ஒட்டியிருக்கிறது என்பது. பழைய, அதிக மாற்றம் செய்த வகைகள் தோலில் போய்ப் படிந்து மாதக்கணக்கில் அரிப்பெடுக்க வைத்தன. எண்களைக் குறைத்தால் பிரச்சினை தீரும் என்று நம்பி வந்ததுதான் 130/0.4.

2012-ல் வெளியான வடஐரோப்பிய ஆய்வு ஒன்றில், கடுமையான ரத்தத் தொற்றோடு தீவிர சிகிச்சையில் இருந்த 798 பேரில் ஒரு பாதிக்கு இந்தப் புதிய வகை ஸ்டார்ச்சும், மறுபாதிக்குச் சாதாரண உப்புக் கரைசல் வகையான ரிங்கர் அசிட்டேட்டும் கொடுத்தார்கள். 90 நாட்களில் ஸ்டார்ச் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 43 சதவீதம். டயாலிசிஸ் போன்ற சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டவர்களும் ஸ்டார்ச் பெற்றவர்களிலேயே அதிகம். 2013-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அந்த பாட்டில்களில் ஏற்றச் சொன்னது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் விற்பனை உரிமத்தையே நிறுத்திவைத்தது.